பதினெட்டு மீட்டர்

ஹம்
19 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி பிருந்தா,

பதற வேண்டாம், எல்லோரும் சுகம். தபாலில் கடிதங்களைத் தரம் பிரிக்கிற இடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். நானே ஒன்றை எழுதி எத்தனை காலம் என்று எனக்கே தெரியாது. எழுத வைத்தது வெரோனிக்கா. எங்களுடைய பேஸ்போல் அணிக்காரரைப் பற்றி இனி ஒரு சொல்லும் போனில் எழுதக்கூடாது, எழுதினால் போனைச் சட்டி கழுவும் தண்ணீருக்குள் போடுவேன் என்றாள். என் மனிசி சொன்னால் செய்வாள்.

காரணம் உமக்குத் தெரியும். கதிர்காமநாதன் அண்ணையைப் பற்றி, "அடிக்கேக்க சிங்கம், ஓடேக்க சோபா" என்று உமக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்து முழுக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். அண்ணை ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டார். இப்போது, ஆட்டத்துக்கு ரயிலில் வரப்போகிற உம்மோடு சேர்த்து எட்டுப் பேர்தான்.

இங்கே ஹம் நகரப் பேஸ்போல் கழகத்தின் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். மார்ச் பதினைந்துக்குள் ஒன்பது பெயரோடு பட்டியல் வேண்டும். இருபத்திரண்டாம் திகதி மைதானத்தில் எங்கள் பிட்சர் எறிவதை அவர் பார்ப்பார். எறியத் தெரியாத பிட்சரோடு லீக்குக்குப் போனால் ஒரு ஆட்டமும் முடியாதாம். அவருக்குப் பிடித்தால்தான் சனிக்கிழமை மைதானம் எங்களுக்கு.

நீர் கார்ல்ஸ்ரூஹேக்கு மாற்றலாகிப் போன பிறகு பயிற்சி ஹாலில் நடந்த ஒரு பகிடியையும் சொல்ல வேண்டும். அண்ணை கோபிப்பதற்கு முதல் வாரம். கழகத்து ஜெர்மன் பெடியன் ஒருவன் முதலாம் பேஸிலிருந்து இரண்டாவதுக்கு ஓடுகிறான். பந்து அண்ணையின் கையில். அண்ணை குறி பார்த்து அவனுடைய முதுகில் விட்டார் ஒரு எறி. பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எங்களுடைய ஊர் எல்லே விளையாட்டில் அது சரிதானே, ஓடுகிறவருக்குப் பந்து பட்டால் அவர் அவுட். தலைவர் திறந்த வாயை மூடவில்லை.

சரி, இனி விஷயம். அணியை யாரைச் சுற்றிக் கட்டுவது? யூட்சனைச் சுற்றி என்பது என் முடிவு. இருபத்திரண்டு வயது, கிரிக்கெட்டில் வேகப்பந்துக்காரன், ஆள் குதிரை மாதிரி. அவன் எறிந்தால் எதிர்ப்பக்கம் பயந்தே அவுட் ஆகும். உம்முடைய எண்ணத்தையும் கடிதத்திலேயே எழுதும்.

உம்முடைய அண்ணை,
பீலிக்ஸ்

கார்ல்ஸ்ரூஹே
24 ஜனவரி 2025

பீலிக்ஸ் அண்ணா,

கவரைப் பிரித்து உள்ளே தமிழ் எழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன். என் அப்பாவைத் தவிர எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. வெரோனிக்கா அக்கா இன்னும் ரொம்ப நாள் கோபமாகவே இருக்கட்டும்.

யூட்சன் வேண்டாம். நல்ல பையன்தான், கோபப்படாதீர்கள். கிரிக்கெட் பவுலருக்குப் பத்து வயதிலிருந்து முழங்கையை மடக்காதே மடக்காதே என்று சொல்லி வளர்க்கிறார்கள். பிட்சருக்கு முழங்கைதான் எல்லாமே. டிசம்பரில் ஹாலில் அவன் எறிந்த இருபது பந்தை நான்தான் பிடித்தேன். நாலு சரியாக வந்தது. இரண்டு சீலிங் லைட்டில் பட்டது. அவனை அவுட்ஃபீல்டில் விடுங்கள், பறந்து பறந்து பிடிப்பான்.

நான் ஈரோட்டில் காலேஜ் டீமுக்கும் யுனிவர்சிட்டிக்கும் நாலு வருஷம் சாஃப்ட்பாலில் பேட்டருக்குப் பின்னால் கேட்சராக உட்கார்ந்தவள். அந்த முட்டிவலியின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவில் இருக்கிற பதினெட்டு மீட்டரில்தான் மொத்த ஆட்டமும். அங்கே ஒரு ஆள் சரியாக நின்றால் மீதி எட்டுப் பேர் சுமாராக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆளை நான் பார்த்துவிட்டேன். கிறிஸ்துமஸ் சந்தையில் தகரடப்பாவை அடுக்கி வைத்துப் பந்தால் அடிக்கச் சொல்லும் கடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருத்தர் மூன்று பந்தில் மூன்று அடுக்கையும் சாய்த்தார். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. கடைக்காரர் போதும் சாமி என்று கும்பிடாத குறை. மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டுகிறார், அவ்வளவுதான். யார் என்று கேட்டேன். கிறிஸ்ரியன் என்று அக்கா சொன்னார்கள். நீங்கள் அதற்குள் வறுத்த கஷ்கொட்டை வாங்கப் போய்விட்டீர்கள்.

அவரைச் சுற்றித்தான் நம் டீம். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை அண்ணா, அந்த மணிக்கட்டை நினைத்து.

கதிர்காமநாதன் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் தயவுசெய்து பாடம் எடுங்கள். ஓடுகிறவர் மேல் எறியவே கூடாது, பேஸில் நிற்கிறவர் கைக்கு எறிய வேண்டும். பிட்சர் எறிந்த பந்து பேட்டர் உடம்பில் பட்டால் பேட்டர் அவுட் இல்லை, முதல் பேஸ் அவருக்கு இலவசம். எல்லேவுக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிருந்தா

ஹம்
30 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி,

பாடம் எடுத்தேன். பட்டவருக்குப் பேஸ் இலவசம் என்றதும், அப்படியென்றால் நான் நின்று வாங்குகிறேன், ஓடத் தேவையில்லைத்தானே என்று இரண்டு பேர் கேட்டார்கள். எங்களுடைய ஆட்கள் இப்படித்தான்.

யூட்சனை நீர் சும்மா தள்ளிவிட வேண்டாம். ஹால் சுவரில் மெத்தையைச் சாத்தி, அதில் கறுப்பு டேப்பால் கட்டம் ஒட்டி, இருபது பந்து எறிய விட்டேன். ஆறு கட்டத்துக்குள். நாலிலிருந்து ஆறு! இந்தக் கணக்கில் போனால் மார்ச்சுக்குள் பன்னிரண்டு. கவிசாவும் அவனுக்கு மெத்தைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பிடித்துக் கொடுக்கிறாள். நேர்ஸ் வேலை முடித்து நேரே வருகிறாள், களைப்பே இல்லை. அவளை இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில், ஷார்ட்ஸ்டாப்பில் விடுவதில் எனக்கும் உமக்கும் சண்டை இல்லை.

மற்ற ஆளைப் பற்றி. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. கூரை வேலை செய்கிறவர், சனிக்கிழமையும் வேலை. சந்தையில் தகரத்துக்கு எறிவது வேறு, லீக்கில் எறிவது வேறு. தகரம் திருப்பி அடிக்காது. அந்தக் கதையை விடுவோம்.

வெரோனிக்கா உமக்கு மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்கிறாள். கடித உறைக்குள் போட ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

பீலிக்ஸ்

கார்ல்ஸ்ரூஹே
4 பிப்ரவரி 2025

பீலிக்ஸ் அண்ணா,

முதலில் சந்தோஷம். கதிர்காமநாதன் அண்ணா திரும்பி வருகிறார்! நானே போன் போட்டேன். உங்களுக்காக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது உங்கள் வேலை. பேஸ்பாலில் பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டால் நாலு பேஸையும் நடந்தே சுற்றி வரலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். "நடந்தே வரலாமோ?" என்று மறுபடி கேட்டார். "கையை வீசிக்கொண்டே வரலாம்" என்றேன். சனிக்கிழமை வருவார்.

ஆக ஒன்பது பேர் ஆகிவிட்டது. ஆனால் எனக்கு ஒன்பது போதாது. எனக்குப் பிட்சர் வேண்டும். ஆறு பந்து சரி, பதினாலு பந்து தப்பு என்றால் தலைவர் இரண்டாவது நிமிஷமே நோட்டை மூடிவிடுவார்.

அதனால் கிறிஸ்ரியன் அண்ணாவின் நம்பர் கேட்டு வெரோனிக்கா அக்காவுக்குப் பேசினேன். சனிக்கிழமை அவருக்கு வேலையே கிடையாதாமே? அதற்கு மேல் கேட்டால் அக்கா பேச்சை மாற்றி மிளகாய்த்தூளுக்குப் போய்விட்டார்கள். என்ன அண்ணா நடக்கிறது? நாற்பத்தொன்பது வயது ஒரு காரணமா? உங்களுக்கே அதே வயதுதானே?

பிருந்தா

ஹம்
10 பிப்ரவரி 2025

பிருந்தா,

என்னிடம் கேட்க வேண்டியதை வெரோனிக்காவிடம் ஏன் கேட்டீர்? எனக்கு அது பிடிக்கவில்லை.

உமக்கு விளக்கம் வேண்டும் என்றால் சொல்கிறேன். அவருக்கு இடது காது கேட்காது. முழுதாகக் கேட்காது. பின்னால் நின்று கத்தினால் விளங்காது, கேட்சர் ஏதும் சொன்னால் விளங்காது. அப்படிப்பட்டவரை நடுவில் நிறுத்தி எல்லோரும் பார்க்க அவமானப்படுத்தச் சொல்கிறீரா? யூட்சன்தான் பிட்சர். நான் பட்டியலில் எழுதிவிட்டேன்.

பீலிக்ஸ்

கார்ல்ஸ்ரூஹே
13 பிப்ரவரி 2025

பீலிக்ஸ் அண்ணா,

திட்டுங்கள், பரவாயில்லை. அக்காவிடம் கேட்டது தப்புதான்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் ரூமுக்குள் குதித்தேன், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்கு. அண்ணா, பிட்சருக்குக் காதே வேண்டாம். கேட்சர் வாயைத் திறந்தால் பேட்டருக்கும் கேட்டுவிடுமே, அதனால் நாங்கள் விரலில்தான் பேசுவோம். குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு தொடைக்கு நடுவில் கையை மறைத்து விரலைக் காட்டுவோம். ஒரு விரல் என்றால் உள்பக்கம். இரண்டு என்றால் வெளிப்பக்கம். மூன்று என்றால் மெதுவாக. பிட்சர் வேண்டாம் என்றால் தலையை ஆட்டுவார். நாலு வருஷம் என் பிட்சரிடம் ஆட்டத்தின் நடுவில் நான் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இந்த உலகத்திலேயே காது கேட்காதவருக்கு என்று செய்து வைத்த வேலை இது.

பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். விரல் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது, மன்னியுங்கள்.

இன்னொன்று. அவருடைய காதைப் பற்றி எழுதும்போது உங்கள் பேனா பேப்பரைக் கிழித்திருக்கிறது. இரண்டு இடத்தில். நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் யாரிடமும் போய்ச் சொல்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

பிருந்தா

ஹம்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நானும் கிறிஸ்ரியனும் மன்னாரில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். பள்ளிக்கூட எல்லே அணியில் அவன் எறிவான், நான் பிடிப்பேன். இங்கே வந்தும் முதல் எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என்னுடைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் இங்கே எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவரின் எல்லே போட்டி. அந்த முறை பெயர் குலுக்கி அணி பிரித்ததில் அவன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கடைசிச் சுற்று, கடைசி ஆள் அவன். அடித்துவிட்டு ஓடுகிறான். பந்து என் கையில். அவனுக்கும் எனக்கும் ஐந்து மீட்டர் இருக்கும். கையில் எவ்வளவு பலம் இருந்ததோ அவ்வளவையும் வைத்து எறிந்தேன். இடது காதிலேயே பட்டது. அவன் விழுந்தான். வெறும் டென்னிஸ் பந்து, பிருந்தா. அதுவும் அந்த இடத்தில் அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

விதிப்படி அவன் அவுட். நாங்கள் வென்றோம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான் ஆடினேன். அவன் நிலத்தில் கிடக்கிறான், நான் மைதானம் முழுக்க ஆடிக்கொண்டு திரிகிறேன். யாரோ எடுத்த வீடியோ இருக்கிறது, நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அம்புலன்ஸ் வந்த பிறகுதான் நின்றேன்.

செவிப்பறை கிழிந்து, பிறகு கிருமி பிடித்து, அந்தக் காது போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். போய், விளையாட்டு என்றால் இப்படித்தான், விதிப்படி நடந்தது என்று சொன்னேன். அதுதான் நான் சொன்னது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அன்றோடு எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. தேவாலயத்தில் பூசைக்கு வந்தால் நான் வலது பக்கம், அவன் இடது பக்கம்.

அவன் எறிவதை உம்மைவிட எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பந்தைப் பிடித்தவன் நான். சந்தையில் அவன் எறியத் தொடங்கியதும் எனக்கு அங்கே நிற்க ஏலவில்லை. அதனால்தான் கஷ்கொட்டை வாங்கப் போனேன்.

பீலிக்ஸ்

கார்ல்ஸ்ரூஹே
25 பிப்ரவரி 2025

பீலிக்ஸ் அண்ணா,

எனக்கு உங்கள் மேல் கோபம். பந்துக்காக இல்லை. அது யார் கையிலும் நடந்திருக்கும். ஆஸ்பத்திரியில் போய் விதிப்படி என்று சொன்னதற்காக. படித்துவிட்டு ஆபீஸில் டாய்லெட்டுக்குள் போய் அழுதேன். உங்களுக்காகவும்தான்.

போய்ப் பாருங்கள் அண்ணா. பழைய கதையைப் பேசப் போகிறேன் என்று நினைத்தால் நீங்கள் தெருமுனையிலேயே திரும்பி வந்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். பட்டியலில் ஒரு பெயர் வேண்டும் என்று போங்கள். கையில் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். மீதி அங்கே வரும், வராவிட்டாலும் போனதாக இருக்கும்.

பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

பிருந்தா

ஹம்
9 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சி,

போனேன். நேற்றுப் பின்னேரம். இரண்டு முறை வீட்டைக் கடந்து போய்விட்டு மூன்றாம் முறை மணி அடித்தேன்.

அவனுடைய மனைவி புஷ்பமலர் கதவைத் திறந்தா. என்னைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டா. அவன் ரிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுடைய இடது பக்கக் கதிரையில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கதைத்த பிறகுதான் எந்தக் காதுக்குக் கதைக்கிறேன் என்று விளங்கியது. எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்தேன். அவன் ரிவியை நிறுத்தினான்.

அணி, கழகம், தலைவர், யூட்சன், மெத்தை எல்லாவற்றையும் சொன்னேன். நீர் கீறிய விரல் படத்தையும் காட்டினேன். அதை வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு நான் அதைச் சொன்னேன். பட்டியலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னேன். மன்னிச்சுக்கொள், எறிந்ததுக்கு இல்லை, ஆடினதுக்கு என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கதைத்ததுக்கு என்று சொன்னேன். பதினொரு வருடத்துக்குச் சேர்த்து என்று சொன்னேன். நான் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

அவன் படத்தைப் பார்த்தபடியே, "எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

"பதினெட்டு மீட்டர்."

"நீ எங்க நிப்பாய்?"

"முதலாம் பேஸில. அடிக்கிறதுக்கும் வருவன்."

"அடிக்க வருவியோ" என்று தனக்குள் சொன்னான். பிறகு, "பேரைப் போடு. வருவன் எண்டு நான் சொல்லேல்லை" என்றான்.

பட்டியலில் பத்தாவது பெயராக எழுதிவிட்டேன். தேத்தண்ணியில் சீனி இல்லை. புஷ்பமலர் மறந்தாவா, வேண்டுமென்று போடவில்லையா என்று தெரியாது. முழுதும் குடித்தேன்.

பீலிக்ஸ்

கார்ல்ஸ்ரூஹே
13 மார்ச் 2025

அண்ணா!

பத்துப் பேர்! பேரைப் போடு என்று சொன்னவர் வருவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஒரே வயிற்றெரிச்சல், இருபத்திரண்டாம் தேதி என்னால் வர முடியாது. எங்கள் சாஃப்ட்வேர் அந்த வீக்கெண்டில்தான் வெளியாகிறது, மேனேஜர் காலில் விழுந்தும் விடவில்லை. கவிசாவைக் கேட்சராக உட்கார வையுங்கள். விரல் கணக்கை அவளுக்கு நேற்று வீடியோவில் சொல்லிக் கொடுத்தேன், இரண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அன்றைக்கே உட்கார்ந்து ஒன்றும் விடாமல் எழுதுங்கள். போனில் சொன்னீர்கள் என்றால் பேசவே மாட்டேன்.

பிருந்தா

ஹம்
23 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சி,

வந்தான்.

நாங்கள் எல்லோரும் பத்து மணிக்கே மைதானத்தில். நல்ல வெயில், நல்ல குளிர். பத்தரைக்குத் தலைவர் நோட்டோடு வந்தார். பதினொன்றாகியும் கிறிஸ்ரியனைக் காணவில்லை. சரி, யூட்சன் எறியட்டும் என்று நான் சொல்லப் போகையில் கூரைக் கொம்பனி வான் ஒன்று வந்து நின்றது. வேலை இல்லாத நாளிலும் வேலைச் சப்பாத்தோடு இறங்கி வந்தான். பந்தை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நேரே நடுவில் போய் நின்றான்.

இருபது பந்து, பிருந்தா. கவிசா விரலைக் காட்டுகிறாள், அவன் எறிகிறான். ஒரு விரல், உள்பக்கம். இரண்டு விரல், வெளிப்பக்கம். மணிக்கட்டில் அதே சுண்டு. மூன்று முறைதான் அவள் கையுறையை நகர்த்தினாள். இருபதில் பதினேழு கட்டத்துக்குள். யூட்சன் பக்கத்தில் நின்று, "அண்ணை, நான் அவுட்ஃபீல்டுக்கே போறன்" என்றான். கதிர்காமநாதன் அண்ணை என்னோடு இன்னும் நேரே கதைப்பதில்லை, அவரே மறந்துபோய் என் தோளில் தட்டினார்.

தலைவர் எழுதி முடித்துவிட்டு, ஒரு பேட்டரை நிறுத்தி இன்னும் மூன்று பந்து எறியச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனேன்.

கழகத்தின் பழைய ஹெல்மெட் ஒன்றைத் தந்தார்கள். அதற்கு ஒரு பக்கம்தான் காது மூடி இருக்கிறது, பிட்சரைப் பார்க்கிற பக்கம். இடது காது. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் அவன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

முதல் பந்து போனதே தெரியவில்லை, கவிசாவின் கையுறையில் சத்தம்தான் கேட்டது. இரண்டாவதுக்கு வீசினேன், காற்று. மூன்றாவது என் இடது தொடையில்.

கீழே விழுந்துவிட்டேன். தலைவர் பாதி எழும்பி நிற்கிறார். இருபதில் பதினேழு போட்டவனுக்குக் கை தவறியதா, தவறவில்லையா என்று அங்கே நின்ற யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. அவன் பிட்சர் நிற்கிற மேட்டிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினான். அந்தப் பதினெட்டு மீட்டரையும் ஒரே சீராக நடந்து வந்து எனக்கு மேலே நின்றான். குனிந்து, என்னுடைய ஹெல்மெட்டில் அந்தக் காது மூடிக்கு மேலே விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

"என்ன படுத்திருக்கிறாய்?" என்றான். "இந்த விளையாட்டில பட்டவன் அவுட் இல்லையாம். பேஸ் உனக்காம். எழும்பி ஓடடா."

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவன் என்னை டா போட்டுக் கூப்பிட்டான். நான் எழும்பி ஓடினேன். நொண்டி நொண்டி, அழுது அழுது ஓடினேன். முதலாம் பேஸில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்தால், கிறிஸ்ரியன் மைதானத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடுகிறான். அன்றைக்கு நான் ஆடின அதே ஆட்டம், இடுப்பு வெட்டுகூட அதேதான். தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுடைய ஆட்கள் எல்லோருக்கும் விளங்கியது. கதிர்காமநாதன் அண்ணை சிரித்துச் சிரித்துப் புல்லில் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை மைதானம் எங்களுக்கு. முதல் ஆட்டம் ஏப்ரல் பன்னிரண்டு. நீர் வந்தே ஆக வேண்டும், அவன் உம்முடைய விரலைப் பார்த்துத்தான் எறிவானாம், கத்தரிக்காயை நேரில் பார்க்க வேண்டுமாம்.

என்னுடைய தொடையில் பந்தின் தையல் அப்படியே பதிந்திருக்கிறது, சிவப்பாக, ஒன்றும் பிசகாமல். வெரோனிக்கா காலையிலிருந்து தைலத்தோடு பின்னால் திரிகிறாள். நான் பூச விடவில்லை. இரண்டு நாளாவது இருக்கட்டும்.

பீலிக்ஸ்